எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டிய அளவு

1

நான் இந்த நாட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகள் நிறைந்த காலையில், அண்ணனின் லாரி நகர மறுத்தது. மறுத்தது என்பது சற்று மிகை. அண்ணன் கியர் நெம்புகோலை இழுத்துவிட்டார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. நான் மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்தபின், பின்னாலிருந்து யாரோ முட்டியதுபோல ஒரு குலுக்கலோடு கிளம்பியது.

"குளிருக்குத்தான்," என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல்.

முந்தின நாளும் அதே குளிர்தான். அன்று எண்ண வேண்டியிருக்கவில்லை.

பின்புறம் பெட்டி கட்டிய அந்தப் பழைய லாரிதான் எங்கள் வீட்டின் பிழைப்பு. நகரத்து ரொட்டித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து, கோதுமை வயல்களுக்கு நடுவே சிதறிக்கிடக்கும் பதினோரு சிற்றூர்களுக்கு அண்ணன் ரொட்டி கொண்டுபோகிறார். போகிற வழியில் என்னைப் பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிடுவார். நான் அங்கே ஒப்பிலக்கியம் படிக்கிறேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அண்ணன், திருவாரூருக்குத் தெற்கே எங்கள் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆயில் எஞ்சின் பழுதுபார்த்தவர். சம்பாவில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் நின்றுபோனால், அவர் சைக்கிள் வரப்பில் தெரிகிறதா என்றுதான் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்.

இங்கே லாரியில்கூடக் கிளட்ச் மிதி இல்லாமல் இருக்கலாம் என்பது ஊரில் இருப்பவர்களுக்கு விந்தையாக இருக்கும். எங்கள் வண்டி அப்படிப்பட்டது. கியர்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். அவற்றை மாற்றுவது கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் சிவப்பு எண்ணெய். அது வெறும் வழுவழுப்புக்காக ஊற்றப்படுவதன்று. எஞ்சினின் விசையைச் சக்கரத்திடம் கொண்டுசேர்ப்பதே அதுதான். எண்ணெய் கெட்டாலோ குறைந்தாலோ, எஞ்சின் தன்போக்கில் உறுமும். சக்கரம் அதைக் கேளாததுபோல நிற்கும்.

அண்ணனுக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள ஒப்பந்தம் ஏப்ரலில் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பித்தால் ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தை இணைத்தால்தான் அப்பாவை இங்கே வரவழைக்கும் மனுவைக் குடிவரவு அலுவலகம் வாங்கும். அம்மா இறந்தபின் அப்பா ஊரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். வண்டி நின்றால் இந்த ரொட்டித் தடம் வேறொருவர் கைக்குப் போகும். தடம் போனால் கடிதம் இல்லை. கடிதம் இல்லையென்றால் அப்பா இல்லை. ஜனவரியில் அந்த வண்டி நகரத் தயங்கிய மூன்று எண்ணிக்கைக்குள் நானும் அண்ணனும் இதைத்தான் நினைத்தோம்.

2

அன்று மாலை அடுக்களை மேசையில் இதைப் பற்றி ஒரு கூட்டமே நடந்தது. அண்ணனோடு அதே தொழிற்சாலைக்கு வண்டி ஓட்டும் ஹர்பஜன் வந்திருந்தார். பஞ்சாப்காரர், எட்டு ஆண்டுகளில் எங்கள் வீட்டு ரசத்துக்குப் பழகியவர். அவர் கருத்து உறுதியானது: தொடவே கூடாது. பழைய எண்ணெயில் தேய்ந்த தூள் கலந்திருக்கும். அந்தத் தூள்தான் பெட்டிக்குள் ஒன்றையொன்று பற்றும் தேய்ந்த தட்டுகளுக்குப் பிடிப்புக் கொடுக்கிறது. புது எண்ணெய் ஊற்றினால் தட்டுகள் வழுக்கி மறுநாளே வண்டி படுத்துவிடும்.

"அழுக்குதான் தாங்கிட்டு நிக்குதுங்கறாரு," என்று அண்ணன் அண்ணியிடம் தமிழில் சொன்னார்.

"ஒங்க சட்டைக்கும் அதையே சொல்லுங்க," என்றார் அண்ணி. "நான் தொவைக்கிற வேலையாவது மிச்சம்."

ஹர்பஜனுக்கு விளங்கவில்லை. அண்ணன் மொழிபெயர்த்துச் சொன்னதும் மேசை குலுங்கச் சிரித்தார்.

இரண்டாவது வழியைப் பழுதுபார்க்கும் கடையின் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரம் சொன்னது. ஓர் இயந்திரத்தை வண்டியோடு இணைத்துப் பழைய எண்ணெய் முழுவதையும் ஒரே மூச்சில் வெளியேற்றிப் புதியதை நிரப்புவது. மூன்றாவது வழி, கியர்ப் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றி, வடிகிற எண்ணெயை மட்டும் வடியவிட்டு, வடிகட்டியை மாற்றி, வடிந்த அளவுக்குப் புதியதை ஊற்றுவது. இதில் பாதிக்குமேல் பழைய எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும். சில வாரம் கழித்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும்.

நான் இரண்டாவது வழியை ஆதரித்தேன். கெட்டதென்று தெரிந்தபின் பாதியை வைத்துக்கொள்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

"நீ பரீட்ச பேப்பர் அடிச்சுத் திருத்துற மாதிரி பேசுற," என்றார் அண்ணன். "அது எஞ்சினு."

"அப்ப நீங்க என்ன செய்யலாம்னு இருக்கீங்கண்ணே?"

"ஓடுது இல்ல? ஏப்ரல் வரைக்கும் ஓடட்டும்."

ஏழு வயது கயல், அண்ணனின் மகள், வரைந்துகொண்டிருந்த படத்திலிருந்து தலைதூக்கி ஆங்கிலத்தில் கேட்டாள்: தாத்தா வந்தால் அவர் சொல்வதை எனக்கு யார் மொழிபெயர்ப்பது? அத்தையா?

அண்ணி அவளைத் தமிழில் கேட்கச் சொன்னார். கயல் சற்று யோசித்து, கேள்வியையே விட்டுவிட்டாள்.

3

வீட்டில் காகிதம் என்று எது வந்தாலும் அது என்னிடம் வரும். வரிப் படிவம், பள்ளி அறிக்கை, குடிவரவு அலுவலகத்தின் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். ஆனால் லாரியின் கையேட்டை நான் அதுவரை திறந்ததில்லை. எண்ணெய், திருகு, சங்கிலி என்றால் அது அண்ணனின் துறை. அங்கே படிக்க ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். மறுநாள் வண்டியின் இழுப்பறையிலிருந்து அதை எடுத்துக்கொண்டுபோய், வகுப்புகளுக்கு இடையே நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

கியர்ப் பெட்டி எண்ணெய் பற்றி இரண்டு பக்கங்கள். அளவு பார்க்கும் முறை கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருந்தது: வண்டியைச் சமதரையில் நிறுத்துக, ஓடிச் சூடேறியபின் மட்டும் பார்க்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் பார்க்க. எஞ்சினை நிறுத்தினால் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் எண்ணெய் கீழே வந்து தங்கும்; அளவு அதிகமாகத் தெரியும்; அதை நம்பற்க.

நான் அந்தக் கட்டத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு கையேட்டை மூடிவிட்டேன்.

அக்டோபரில், முதல் பனிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வண்டியை முழுக்கப் பார்த்தார். கியர்ப் பெட்டி எண்ணெயையும் பார்த்தார். எப்படிப் பார்த்தார்? எங்கள் ஊரில் எஞ்சின் எண்ணெயைப் பார்க்கிறபடி பார்த்தார். எஞ்சினை நிறுத்தினார். எண்ணெய் கீழே இறங்கட்டும் என்று காத்திருந்தார். அந்த நேரத்தில் எனக்கு ஒரு டீ போடச் சொன்னார். பிறகு அளவுக் கம்பியை உருவி, பழைய பனியன் துணியால் துடைத்து, மீண்டும் செருகி, உருவிப் பார்த்தார். பம்புசெட் முதல் டிராக்டர் வரை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஓடுகிற எஞ்சினில் அளவு பார்க்கிறவனைப் பைத்தியம் என்பார்கள்.

மேகமூட்டமான பிற்பகல். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பியில் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை நின்றது.

"அதிகமா இருக்குண்ணே," என்றேன் நான். முதலில் சொன்னவள் நான்தான்.

"எவனோ வித்தவன் ஊத்தித் தள்ளியிருக்கான்," என்றார் அண்ணன். ரப்பர் குழாய் ஒன்றைக் கம்பித் துளைக்குள் இறக்கி, உறிஞ்சி, ஒன்றரைப் பாட்டில் எண்ணெயை வெளியே எடுத்தார். மறுபடி அளந்தபோது கம்பி சரியான கோட்டில் நனைந்திருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரு வேலையை முறையாக முடித்த நிறைவு.

சரியாக இருந்ததைக் குறைத்துவிட்டோம். அந்தக் குறையோடு மூன்று மாதங்கள், பதினோரு ஊர்கள், பனியில் ஓடியிருக்கிறது.

4

இங்கே ஊரைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஆறு வயதிருக்கும். அரசாங்கம் மாறி, குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்த சமயம். மேடைகளில் அதைப் பற்றி அழகான தமிழில் பேசினார்கள். எனக்குத் தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்த அப்பா அந்தப் பேச்சுகளை நடந்துபோய்க் கேட்டவர். மற்றொரு பக்கம் கூலிச் சண்டை. அறுவடைக்கு நிலக்காரர்கள் வெளியூர் ஆளை இறக்கினார்கள் என்று கூலிக்காரர்கள் வரப்பில் கொடியோடு நின்றார்கள். போலீஸ் வண்டி ஆற்றங்கரைச் சாலையில் நாள் முழுதும் நின்றது. அப்பா கூலிக்காரரும் அல்லர், நிலக்காரரும் அல்லர். மிராசுதார் ஒருவரின் எட்டு மா நிலத்தை, தம் தகப்பனார் காலத்திலிருந்து குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தவர். எழுத்தில் ஒன்றும் கிடையாது.

விசாரணைக்குத் தாசில்தார் எங்கள் ஊர்ச் சாவடிக்கு வந்தார். அவர் உட்கார்ந்த நாற்காலி மிராசுதார் வீட்டிலிருந்து வந்தது. மிராசுதாரும் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் இருந்தார். அவர் யாரையும் மிரட்டவில்லை. அப்பாவின் முறை வந்தபோது என்னைப் பார்த்து, "பொண்ணு வளந்துட்டாளே," என்று மட்டும் சொன்னார். நான் பிறந்த அன்று அம்மாவுக்கு நிலைமை மோசமாகி, அவர் கார்தான் திருவாரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஊருக்கே தெரிந்த செய்தி.

தாசில்தார் கேட்டார்: "இந்த நிலம் ஒங்க சாகுபடியா?"

அப்பா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். "குத்தகையெல்லாம் இல்லீங்க," என்றார். "ஐயா நெலம். நான் கூலிக்குப் பாக்குறேன்."

எழுத்தர் அதை எழுதினார். அப்பா கைநாட்டு வைக்கவில்லை. எழுதப்படிக்கத் தெரிந்தவர், கையெழுத்தே போட்டார். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அம்மா ஒரே ஒருமுறை கேட்டார்: "நாத்துப் பறிச்சு நட்டதெல்லாம் யாருங்க?"

அடுத்த ஆண்டு மிராசுதார் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவர் மகன் நிலத்தை எடுத்துக்கொண்டு டிராக்டர் இறக்கினார். அப்பா பெயர் எந்த ஏட்டிலும் இல்லை; கேட்பதற்கு வாயும் இல்லை. அதே எட்டு மாவில் அறுவடைக் கூலிக்குப் போனார். இப்போது குடிவரவுப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற கட்டத்துக்குக் கிராம அலுவலகச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். அதில் வந்திருக்கும் சொல்: விவசாயக் கூலி.

நூலகத்தில் கையேட்டை மூடிவைத்துக்கொண்டு நான் இதைத்தான் நினைத்திருந்தேன் என்று எழுதினால் அது பொருத்தமாக இருக்கும். உண்மை வேறு. அப்போது நான் நினைத்தது, அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்பதை மட்டும். சாவடி பிறகுதான் வந்தது.

5

வெள்ளிக்கிழமைக்குள் வண்டியின் தயக்கம் கூடிவிட்டதால் அண்ணனே பழுதுபார்க்கும் கடைக்குக் கிளம்பினார். போகிற வழியில் சொன்னேன். அண்ணன் குறுக்கிடாமல் கேட்டார். ஒரு சிக்னலில் நின்று, பச்சை விழுந்து, வண்டி தயங்கிக் கிளம்பியபின் கேட்டார்:

"ஓடும்போதா பாக்கணும்?"

"ஆமாண்ணே. புத்தகத்துல இருக்கு."

"எந்த ஊர்ல ஓடும்போது பாப்பாங்க?" சிறிது தூரம் போனபின், "அங்க இதப் பத்தி வாயத் தொறக்காத," என்றார். "கம்பெனி காகிதத்துல என்ன போட்டிருக்கு? லைசென்ஸ் உள்ள கடையிலதான் வண்டியத் தொறக்கணும், அப்பத்தான் புதுப்பிப்போம்னு. கடைக்காரன் 'ஓனரே கைய வச்சான்'னு எழுதிக் குடுத்தான்னா, ஏப்ரல்ல என்னத்தக் காட்டுறது?"

அவர் சொன்னது சரி. அந்த விதியை அவருக்குப் படித்துக் காட்டியவளே நான்தான். ஆனால் அவர் முகத்தில் இருந்தது விதியைப் பற்றிய கவலை மட்டுமன்று. எஞ்சின் என்றால் இவர்தான் என்று ஊர் சொன்ன மனிதர் ஒரு கம்பியைத் தவறாகப் பார்த்துவிட்டார்.

கடைக்காரர் வால்ட் ஐம்பதை நெருங்குபவர், அதிகம் பேசாதவர். வண்டியை ஓட்டிப் பார்த்து, எஞ்சினை நிறுத்தாமலே கம்பியை உருவினார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வால்ட் வண்டிக்கு அடியில் நுழைந்து நெடுநேரம் தேடினார். பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, எங்களுக்கு எதிரே மேசைக்குப் பின்னால் எழுதுகோலோடு உட்கார்ந்தார்.

"ஒரு லிட்டருக்கு மேல் குறைகிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை," என்றார். "எண்ணெய் எங்கே போயிற்று?"

நான் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கே புரிந்திருந்தது.

வால்ட் தொடர்ந்தார்: வெளியே கசியவில்லை என்றால் உள்ளே எங்கோ போகிறது. எஞ்சினுக்குள் உறிஞ்சப்படலாம், ரேடியேட்டருக்குள் கலக்கலாம். கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் வண்டி இங்கே இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் எண்ணெயை எப்படி மாற்றினாலும் வீண். "இதை இதற்கு முன் யாராவது தொட்டீர்களா?"

"தொடலன்னு சொல்லு," என்றார் அண்ணன், என்னிடம், தமிழில், தாழ்ந்த குரலில்.

பத்து நாள் வண்டி நின்றால் தடம் ஏப்ரல் வரை காத்திருக்காது. உண்மையைச் சொன்னால் வண்டி பிழைக்கும், கடிதம் கைநழுவலாம். சொல்லாவிட்டால் கடிதத்துக்கு முன் தடமே போகும். இப்படி வரிசையாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். மேசைக்கு அப்பால் ஒருவர் எழுதுகோலோடு காத்திருந்தார். என் பக்கத்தில் ஒருவர், இல்லை என்று சொல்லச் சொல்லிக்கொண்டு நின்றார். அப்போதுதான் சாவடி நினைவுக்கு வந்தது. வாசகமாக அன்று, அப்பாவின் அக்குளில் இருந்த துண்டாக.

"தொட்டார்," என்றேன் ஆங்கிலத்தில். "அக்டோபரில். எஞ்சினை நிறுத்திவிட்டு அளந்தார். அதிகம் என்று நினைத்து எடுத்துவிட்டார்."

வால்ட் சிரிக்கவில்லை. "எவ்வளவு?" என்று என்னைக் கேட்டார்.

பதில் சொன்னவர் அண்ணன். அவருடைய சொந்த ஆங்கிலத்தில், ஒரு விரலையும் அரை விரலையும் காட்டி, ஒன்றரைப் பாட்டில் என்றார்.

வால்ட் எழுதிக்கொண்டார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். காலடியில் பனி நொறுங்கிக்கொண்டே வந்தது. நிறுத்தத்தை அடைந்தபின் அண்ணன் சொன்னார்:

"நல்லாத்தான் மொழிபெயர்க்கிற. ஒன் பங்கு மட்டும் விட்டுப்போச்சு."

டார்ச் பிடித்ததையும், அதிகமாக இருக்கிறது என்று முதலில் சொன்னதையும் நான் வால்ட்டிடம் சொல்லியிருக்கவில்லை. நினைவின்றி விட்டேனா, நினைவோடு விட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. எந்தப் பிரதியிலும் எது விடப்பட்டிருக்கிறது என்று பார்க்கப் பயிற்சி பெற்றவள் நான்.

6

மறுநாள் அடித்தட்டைக் கழற்றினார்கள். வால்ட் எங்களைக் கூப்பிட்டு அருகே நிற்கவிட்டார். வடிந்த எண்ணெய் சிவப்பாக இல்லை; கருகிய வெல்லப்பாகின் நிறம், அதேபோன்ற வாடை. தட்டின் மூலையில் ஒரு காந்தம் இருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. உடைந்த கியர்ப் பற்களின் துகளோ என்று குனிந்து பார்த்தேன். அண்ணன் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் படிவை இரு விரல்களுக்கு நடுவே எடுத்துத் தேய்த்தார். மெதுவாக, அரிசி மாவின் பதம் பார்ப்பவரைப்போல.

"மாவாத்தான் இருக்கு," என்றார். "செதில் இல்ல. பல்லு ஒண்ணும் ஒடையல."

நான் அதை வால்ட்டுக்குச் சொன்னேன். வால்ட் தாமும் தேய்த்துப் பார்த்துத் தலையசைத்தார்.

அடுத்த கேள்வி, இனி என்ன செய்வது என்பது. இயந்திரத்தை வைத்து முழுவதையும் மாற்றலாமா என்று நான் மறுபடியும் கேட்டேன். வால்ட் செய்துதருவதாகச் சொன்னார். ஆனால் தன் வண்டி என்றால் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். மூன்று மாதம் எண்ணெய் குறைந்து சூடேறிய தட்டுகள். உள்ளே எங்கெங்கோ ஒட்டியிருப்பதையெல்லாம் ஒரே நேரத்தில் கிளப்பினால் அது எந்தத் துளையில் போய் அடைக்கும் என்று சொல்ல முடியாது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் அடித்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ என்ன சொல்ற?" என்றார். முந்தின நாளிலிருந்து என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

"எனக்கு முழுசா மாத்தணும்னுதான் இருக்கு. ஆனா அது எனக்குப் பிடிச்சது. வண்டிக்கு எதுன்னு எனக்குத் தெரியலண்ணே."

"இப்ப பாதி. நூறு நூறு கிலோமீட்டரா ஓட்டிப் பாப்போம். அடுத்த மாசம் மறுபடி பாதி." வால்ட்டிடம் நேரே திரும்பி, தாமே ஆங்கிலத்தில், "பாதி. வடிகட்டி புதுசு," என்றார்.

புது எண்ணெய் ஊற்றி, எஞ்சினைச் சூடேற்றி, ஓடவிட்டபடியே அளவு பார்த்தார்கள். வால்ட் கம்பியை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் தாமே துடைத்தார், செருகினார், உருவினார். கோட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வண்டி உடனே கிளம்பியது. ஆனால் மேட்டில் ஏறும்போது இரண்டாவது கியரில் ஒரு சிறு வழுக்கல் இன்னும் இருந்தது. அது போகுமா, இனி அப்படித்தானா என்று வால்ட்டாலும் சொல்ல முடியவில்லை. அந்த வழுக்கல் எங்கள் ஒன்றரைப் பாட்டிலால் வந்தது என்று அண்ணனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த நாலு வாரம், அந்த மேடு வரும்போதெல்லாம் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

வீட்டில் கயலுக்குப் பள்ளியில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள்: உன் தாத்தாவுக்கு ஐந்து வாக்கியம் எழுது. ஆங்கிலத்தில் எழுதி என்னிடம் கொண்டுவந்து தமிழாக்கச் சொன்னாள். ஐந்தாவது வாக்கியம்: அப்பாவின் லாரிக்கு உடம்பு சரியில்லை, ஆனால் அப்பா அதைப் பற்றிப் பேச மாட்டார். நான் நான்கு வாக்கியங்களைத் தமிழில் எழுதிக்கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறது என்றாள். ஐந்தையும் எழுதிக் கொடுத்தேன்.

7

பிப்ரவரிக் கடைசியில் இரண்டாவது முறைக்கு அண்ணன் தனியாகப் போனார். எனக்கு வகுப்பு இருந்தது. இல்லாவிட்டாலும் கூப்பிட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். மாலையில் மேசைமேல் ஒரு படிவம் கிடந்தது. செய்த வேலைக்குக் கடை உத்தரவாதம் தருவதற்கான படிவம். அதன் நகல் ஒன்று, ஒப்பந்தப் புதுப்பிப்புக்காக ரொட்டித் தொழிற்சாலைக்கும் போக வேண்டும். அதில் ஒரு கேள்வி: இந்தக் கியர்ப் பெட்டியில் இதற்கு முன் கைவைத்தவர்கள் எவரெவர், என்ன செய்தார்கள்?

அண்ணன் தம் கையாலேயே நிரப்பியிருந்தார், தனித்தனிப் பெரிய எழுத்துகளில். எஞ்சினை நிறுத்தி அளந்தது, ஒன்றரைப் பாட்டில் எடுத்தது, எல்லாம் இருந்தது. முதல் வரிசையில் அவர் பெயர். இரண்டாவது வரிசையில்: வேறு யாரும் இல்லை.

என்னைக் காப்பாற்றியிருக்கிறாரா, விலக்கியிருக்கிறாரா? இரண்டுக்கும் அதே சொற்கள்தாம். கையெழுத்து இன்னும் போட்டிருக்கவில்லை.

பேனாவை எடுத்து இரண்டாவது வரிசையை அடித்தேன். மேலே என் பெயரை எழுதினேன். எதிரே, வெளிச்சம் பிடித்தேன், அளவு அதிகம் என்று சொன்னேன் என்று எழுதினேன்.

அண்ணி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "என்னா செல்வி, கோர்ட்டு வாக்குமூலமா?" என்றார்.

அண்ணன் குளித்துவிட்டு வந்து படிவத்தை எடுத்தார். படித்தார்.

"டார்ச் புடிச்சதெல்லாம் ஒரு வேலையா?"

"சொன்னதும் நான்தாண்ணே. அதிகமா இருக்குன்னு."

"கம்பெனில கேட்டா என்னத்தான் கேப்பாங்க. ஒன்னக் கேக்க மாட்டாங்க."

"கேட்டா என்னையும் கூப்பிடுங்க."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இரண்டு பெயர்களுக்கும் கீழே கையெழுத்திட்டார்.

படிவம் போய்ப் பன்னிரண்டு நாளாயிற்று. புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று இதை எழுதும்வரை பதில் இல்லை. ஹர்பஜன், நாங்கள் இருவரும் சேர்ந்தே பைத்தியம் என்கிறார். வண்டி ஓடுகிறது; வழுக்கல் குறைந்திருக்கிறது, போகவில்லை. ஏப்ரலுக்குள் கடிதம் வராவிட்டால் அப்பாவின் மனு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அப்பாவுக்கு வயது அறுபத்தெட்டு.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விமானக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வழக்கமாக நான் எழுதுவேன். அண்ணன் அடியில் 'நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இங்கே குளிர் குறைந்துவிட்டது, கயல் நன்றாகப் படிக்கிறாள், நீங்கள் வர இன்னும் சிறிது நாளாகலாம் என்று எழுதி, கடிதத்தை அவர்முன் வைத்தேன். நாளாகும் காரணத்தை நான் எழுதவில்லை. அது நான் எழுத வேண்டியதாகத் தோன்றவில்லை.

அண்ணன் நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பிறகு மடிப்பு வரைக்கும் இருந்த வெற்றிடத்தில் எழுதினார். ஒட்டுவதற்கு என்னிடம் கொடுத்தபோது மூடவில்லை. நான் படிக்கட்டும் என்றே திறந்து கொடுத்தார்.

"அப்பா, நீங்க வர நாளாகறதுக்கு நான்தான் காரணம். எஞ்சின நிறுத்திட்டு அளவு பாத்துட்டேன். இந்த வண்டிக்கு ஓடும்போது பாக்கணுமாம். எனக்குத் தெரியல. கேக்காமச் செஞ்சிட்டேன்."